மாத்தறதுதான் மாத்திரை

அந்த அம்மாள் யாருடைய முகத்தையும் பார்த்துப் பேசி நான் கண்டதில்லை. கைகளைத்தான் பார்ப்பார். கேஸ் சிலிண்டர் இறக்க வந்தவர், ஓட்டுக் கேட்டு வந்தவர்கள், பத்திரிகை வைக்க வந்த சொந்தக்காரர்கள் என்று எல்லோருக்கும் ஒரே பார்வைதான். முதலில் விரல் கணுக்கள், பிறகு மணிக்கட்டு, அதற்கப்புறம்தான் "வாங்க" என்ற சொல் வரும். பார்த்து முடித்ததும் சிலரிடம் நிம்மதியாகச் சிரிப்பார். சிலரிடம் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விடுவார். அப்படி அவர் பேசாமல் உள்ளே போனவர்களில் எங்கள் தபால்காரரும் ஒருவர். கொஞ்ச நாளில் அவரால் தோளைத் தூக்க முடியாமல் போயிற்று. தற்செயல்தான். அரசுக் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன் நான். தற்செயலுக்கு என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் எதிரே வந்தால் என் கை தானாக முதுகுக்குப் பின்னால் போகும்.

பொம்மிடிக்குப் பக்கத்தில், ரயில் பாதையை ஒட்டியது எங்கள் தெரு. அவருடையது எதிர் வீடு. கணவர் இல்லை, ஒரே மகள். வியாபாரி மூட்டை மூட்டையாகப் புளி கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவார். தாயும் மகளும் ஓடு நீக்கி, நார் எடுத்து, கல்லின் மேல் வைத்துச் சின்ன இரும்புக் கம்பியால் தட்டிக் கொட்டையைப் பிரிப்பார்கள். டொக், டொக் என்று அந்தச் சத்தம் காலையிலிருந்து பொழுது சாயும்வரை தெருவில் கேட்டுக்கொண்டிருக்கும். இரண்டு பேர் தட்டும் சத்தத்தில் எது தாய், எது மகள் என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியும். மகள் அவசரமாகத் தட்டுவாள். தாய் தட்டுவதில் ஒவ்வொரு தட்டுக்கும் நடுவே ஒரு யோசனை இருக்கும்.

நான் ஓய்வுபெற்ற பிறகு ஒரு நாள் காலை, வீட்டுக் கேட்டின் தாழ்ப்பாளை என்னால் தள்ள முடியவில்லை. விரல்கள் பலகை மாதிரி இருந்தன. எதிர் வாசலிலிருந்து குரல் வந்தது.

"எந்த வெரலு சார்? மோதர வெரலா, நடு வெரலா?"

"ரெண்டும்தாம்மா."

"காலைல எந்திரிச்சதும் மடங்காது. வெயிலேற வெயிலேற மடங்கும். அதான?"

"ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் தன் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். கணுக்கள் புளியங்காய் மாதிரி புடைத்து, விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. காற்றடித்த பக்கமே வளர்ந்த செடி போல. அப்போதுதான் எனக்கு உறைத்தது, பல மாதங்களாக அந்த வாசலிலிருந்து மகள் தட்டும் சத்தம் மட்டுமே வந்துகொண்டிருந்தது.

சேலத்தில் ஒரு மூட்டு வைத்தியரிடம் நான் போனேன். முடக்கு வாதம் என்றார். வெறும் வலி மாத்திரை வருஷக்கணக்கில் சாப்பிட்டால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், நோய் உள்ளே தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கும் என்றார். ஸ்டீராய்டு உடனே கேட்கும், ஆனால் நெடுநாள் வைத்துக்கொள்ளும் மருந்தல்ல என்றார். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் விழுங்கும் ஒரு மாத்திரைதான் நோயின் வேரைப் பிடிப்பது. அது வேலை செய்ய மாதங்கள் ஆகும், அடிக்கடி ரத்தம் சோதிக்க வேண்டும். அதுவரை தாங்குவதற்குக் கொஞ்ச காலம் ஸ்டீராய்டு கொடுத்தார். பிறகு அதை முழுதிலிருந்து பாதி, பாதியிலிருந்து கால் என்று படிப்படியாகக் குறைத்தார். "ஒரேயடியா நிறுத்திடாதீங்க சார். வெளியேருந்து வர்றதுனால உடம்பு தானா சுரக்கறத விட்டுடும். திடீர்னு நிறுத்தினா ஆளையே கீழ தள்ளிடும்" என்று ஒவ்வொரு முறையும் சொன்னார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்திருந்தேன்.

எதிர் வீட்டு அம்மாளிடம் சேலத்துக்கு வரச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"உங்க மாத்தர நெல்லு நட்ட மாதிரிங்க சார். நட்டுட்டு வானத்தப் பாத்துக்கிட்டு உக்காரணும். எனக்கு ஏது அவ்ளோ பொறும?"

சந்தைக்குப் போகும் வழியில் ஒரு மருந்துக் கடையில் அவர் 'செட்டு' வாங்கிவந்தார். பெயர் இல்லாத, அட்டை இல்லாத மாத்திரைகள். மஞ்சளில் ஒன்று, சிவப்பில் ஒன்று, சின்னதாக வெள்ளையில் ஒன்று, எல்லாம் ஒரு காகிதப் பொட்டலத்தில். என்ன நோய்க்கும் ஒரு செட்டு கிடைக்கும் எங்கள் பக்கம்.

இரண்டாம் நாள் காலை எதிர் வாசலில் இரண்டு கம்பிகளின் சத்தம் கேட்டது. நடுவே யோசனை உள்ள அந்தத் தட்டு. நான் சந்தோஷப்பட்டு வாசலுக்கு வந்தேன். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. கம்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து தெருவில் இறங்கி, ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தார். "இன்னிக்கு யாருக்காச்சும் கை வலிக்குதா? புதுசா? நேத்து இல்லாம இன்னிக்கு வந்துச்சா?"

"ஏக்கா, வலி போச்சுன்னா கும்புட்டுட்டு வூட்டுல இருப்பியா, ஊரெல்லாம் தேடிக்கிட்டுத் திரியற!" என்று தெருக்கோடி டீக்கடைக்காரர் கேலி செய்தார்.

"போனது எங்க போச்சுன்னு தெரிய வேணாமா?" என்றார் அவர்.

கடைசியாக எங்கள் வாசலுக்கு வந்தார். அன்று என் வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. என் ஸ்டீராய்டைக் குறைத்துக்கொண்டிருந்த வாரம் அது, வீங்கத்தான் செய்யும். அவர் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"வந்துருச்சா" என்றார், என்னிடம் இல்லை, என் கையிடம்.

அதன் பிறகுதான் அவர் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. வலி அழிவதில்லை, ஒரு ஆளை விட்டு இன்னொரு ஆளுக்குப் போகிறது. அவர் முழு மனதாக நம்பியது அது ஒன்றைத்தான்.

"மாத்தறதுனாலதான சார் அதுக்குப் பேரு மாத்தர" என்பார். "தீத்துவெக்கறதா இருந்தா வேற பேரு வெச்சிருப்பாங்கல்ல?"

நான் சிரித்தேன். சிரித்ததோடு விட்டிருக்கலாம். "ஆமாம்மா, எங்க பாடத்துலயும் அப்படித்தான் இருக்குது. ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. ஒன்னுலேருந்து இன்னொன்னா மாறும், அவ்ளோதான்" என்றேன். முப்பது வருஷமாக வகுப்பில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாக்கியம், வேடிக்கைக்காக வாயில் வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. தலையை மெதுவாக ஆட்டினார். படித்தவர் வாயால் சாட்சி கிடைத்துவிட்டது.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று ஒரு நாள் கேட்டேன். புளி நார் எடுத்துக்கொண்டே சொன்னார்.

"நான் சின்னப் புள்ளையா இருக்கறப்ப காச்ச எறங்கவே இல்லைங்க. எங்காத்தா தலையச் சுத்தி முட்டையும் எலுமிச்சம்பழமும் முச்சந்தில கொண்டுபோயிப் போட்டாங்க. காலைல எனக்குக் காச்ச சுத்தமா இல்ல. வாசல்ல உக்காந்திருந்தேன். இண்டூர்லேருந்து வளையல் விக்க ஒரு அம்மா வரும். எனக்குன்னு செவப்பு வளையல் எடுத்து வெச்சிருக்கும். அது தலைல கூடையோட அதத் தாண்டி வர்றதப் பாத்தேன். 'தாண்டாத'ன்னு கத்த வாயத் தெறந்தேன். எங்காத்தா பின்னாடி நின்னு வாயப் பொத்திட்டாங்க."

"அப்புறம்?"

"அந்தம்மா அதுக்கப்புறம் எங்கூருப் பக்கம் வரவே இல்லைங்க சார்."

நார் எடுத்த கையால் தன் வாயை ஒரு முறை தொட்டுக்கொண்டார். தாயின் கை அங்கே இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பது போல.

மாதங்கள் போயின. ஒரே தெருவில், எதிரெதிர் வீட்டில், ஒரே நோய்க்கு இரண்டு வைத்தியம். எனக்குக் குமட்டல், வாய்ப்புண், ரத்தச் சோதனை, சேலத்துக்கும் பொம்மிடிக்குமாக ரயில். கையில் மாற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. அவரோ விடிந்தால் தட்டத் தொடங்கி இருட்டும்வரை தட்டினார். பசி அதிகமாயிற்று. கன்னம் நிரம்பியது. ஒடுங்கிய முகம் நிலா மாதிரி வட்டமாகிச் சிவந்தது. தெருவே மெச்சியது. "குச்சி மாதிரி இருந்தவ, பாரு, மகாலட்சுமி ஆயிட்டா!" எனக்கு மட்டும் அந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. பழைய கைகளுக்கு மேலே வேறு யாருடைய முகத்தையோ வைத்துத் தைத்தது போலிருக்கும். முழங்கைக்குக் கீழே தோல் வெங்காயச் சருகாக மெலிந்து, அங்கங்கே ஊதாத் திட்டுகள். ஒரு நாள் அதைக் காட்டி, "யாரோ இறுக்கிப் புடிச்ச மாதிரி இருக்குதில்ல சார்? எங்கியும் இடிச்சுக்கல" என்றார்.

அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை என்னவென்று எனக்கு அப்போது சந்தேகமே இல்லை. எனக்குக் கொடுத்துக் குறைத்து நிறுத்திய அதே மருந்து. அவருக்கு யாரும் குறைக்கவில்லை.

மகளிடம் சொன்னேன். "உங்கம்மாவ சேலத்துக்குக் கூட்டிட்டுப் போவோம்" என்றேன். "வலியே இல்லங்கறப்ப எப்படிங்க சார் வருவாங்க?" என்றாள். நியாயமான கேள்வி. நானும் விட்டுவிட்டேன். விட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் பல்லைக் கடித்துக்கொண்டு சரியான வழியில் போய்க்கொண்டிருந்தேன், அவர் தவறான வழியில் சிரித்துக்கொண்டு போனார். கடைசியில் யார் சரி என்று தெரிவதைப் பார்க்க என்னுள் ஒருவன் காத்துக்கொண்டிருந்தான்.

அவர் தினமும் காலையில் வந்து என் கையைப் பார்த்துவிட்டுப் போனார். கூட ஏதாவது கொண்டுவருவார், கொஞ்சம் புளி, இரண்டு மாம்பழம், சித்தேரி மலையிலிருந்து யாரோ கொடுத்த தேன். கடன்பட்டவர் போல வாசலிலேயே நின்று கொடுப்பார். என் மனைவிக்கு அது பிடிக்கவில்லை. "அந்தம்மா உங்க கையப் பாக்கறது, அடகு வெச்ச பொருளப் பாக்கற மாதிரி இருக்குதுங்க" என்றாள்.

ஐப்பசி அடைமழை. மனைவி தர்மபுரியில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். அன்று காலை என்னால் காப்பி டம்ளரைத் தூக்க முடியவில்லை. சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் திறந்த மார்போடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன். அவர் உள்ளே வந்தார். டம்ளரை எடுத்து என் வாயில் வைத்துப் பிடித்தார். அந்த வட்ட முகம் மிகப் பக்கத்தில் இருந்தது. முதல் முறையாக என் கண்ணைப் பார்த்தார்.

"நான் நிறுத்திடறேன் சார்."

"எதை?"

"செட்ட. நான் தின்னத் தின்ன உங்களுக்குத்தான வந்து சேருது. என்னுத நானே எடுத்துக்கறேன்."

மழை ஓட்டின் மேல் அடித்துக்கொண்டிருந்தது.

"நான் நிறுத்துனா உங்களுக்குக் கொறையுமில்ல?" என்று கேட்டார்.

இரண்டு வாக்கியங்கள் சொல்ல வேண்டியிருந்தது. வலி அப்படிப் போகாது அம்மா, என்பது ஒன்று. அதை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், என்னோடு சேலத்துக்கு வாருங்கள், என்பது இன்னொன்று. இரண்டும் எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் மறந்துவிட்டேன் என்று பல வருஷம் எனக்கே சொல்லிவந்தேன். மறக்கவில்லை. இரண்டும் வாய்வரை வந்தன. என் மணிக்கட்டில் சூடான கம்பி ஏறுவது போலிருந்தது. அது போகட்டும், எங்கே வேண்டுமானாலும் போகட்டும் என்றிருந்தது. முப்பது வருஷம் இயற்பியல் சொன்னவன் அந்த ஒரு கணத்தில் அவரை முழுதாக நம்பினேன்.

"உங்க இஷ்டம்மா" என்றேன்.

அவர் நிம்மதியாகச் சிரித்தார். என் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் எதிர் வாசலில் ஒரு கம்பியின் சத்தம்தான் கேட்டது, மகளுடையது. நான் நாற்காலியில் உட்கார்ந்து இல்லாத சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்கடுத்த நாள் என் விரல்கள் கொஞ்சம் மடங்கின. பிறகு டம்ளரைப் பிடிக்க முடிந்தது. இதில் மாயம் ஒன்றும் இல்லை. வைத்தியர் என் வார மாத்திரையை உயர்த்திச் சில வாரங்கள் ஆகியிருந்தன, கேட்க வேண்டிய காலத்தில் கேட்டது. இதை நான் தாளில் போட்டு விளக்கிக்காட்ட முடியும். ஆனால் அன்று காலை நானே என் சட்டைப் பொத்தான்களைப் போட்டபோது மனதில் வைத்தியர் வரவில்லை. எதிர் வாசலின் அமைதிதான் வந்தது. அந்த அமைதி நீடிக்கட்டும் என்று நினைத்தேன். ஒருவர் படுத்துக் கிடக்கும் வீட்டைப் பார்த்து அப்படி நினைத்தேன்.

கொஞ்ச நாளில் மகள் தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். "சார், அம்மாக்கு வாந்தி நிக்க மாட்டேங்குது, எந்திரிச்சா மயக்கம் போட்டு வுழுறாங்க, ஒடம்பு சில்லுன்னு இருக்குது!"

ஆட்டோவில் நானும் ஏறினேன். அவர் தலை மகள் மடியில் இருந்தது. வட்ட முகம் அப்படியேதான் இருந்தது, நிறம் மட்டும் போயிருந்தது. கண்களைத் திறந்தார். என் முகத்தைத் தேடவில்லை. ஆட்டோவின் கம்பியைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தார். வண்டி குலுங்கியதில் நான் அதை நன்றாக இறுக்கிப் பிடித்திருந்தேன்.

"மடங்குதா சார்?" என்றார்.

"மடங்குதும்மா."

"அப்ப சரி."

அதுதான் நான் கேட்ட அவருடைய கடைசிப் பேச்சு.

ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டர் அம்மா ஒருவர் அவசரமாக ஊசி போட்டுக்கொண்டே மகளிடம் கேட்டார். "என்ன மாத்திரை சாப்பிட்டாங்க? எவ்வளவு நாளா? எப்ப நிறுத்தினாங்க?" மகள் பொட்டலத்தைக் காட்டினாள். அவர் அந்தச் சின்ன வெள்ளையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "இத ஒரேயடியா நிறுத்தலாமா? யாரு நிறுத்தச் சொன்னது?"

"யாரும் சொல்லல மேடம். அம்மாவாத்தான் நிறுத்துனாங்க" என்றாள் மகள்.

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். ஊசியும் குளுக்கோசும் நேரம் கடந்து போய்ச் சேர்ந்தவை. பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது.

அந்த டாக்டர் அம்மா கேட்ட கேள்விக்குப் பதில், யாருக்கும் தெரியாமல் இன்றும் என்னிடம்தான் இருக்கிறது. யாரும் என்னைக் குற்றம் சொன்னதில்லை. காரியத்தன்று, "எங்கம்மா உங்க கை நல்லாவணும்னுதான் சார் எப்பவும் சொல்லுவாங்க" என்று மகள் எனக்கு முதலில் இலை போட்டாள்.

இப்போது என் நோய் அடங்கியிருக்கிறது. வார மாத்திரை தொடர்கிறது, சோதனைகளும் தொடர்கின்றன. எது நல்ல வைத்தியம் என்று யாராவது கேட்டால் தெளிவாகச் சொல்வேன். மெதுவாகக் கேட்கும் மருந்துதான் நல்லது, கண்காணிப்போடு சாப்பிடுங்கள், பெயர் தெரியாத செட்டைத் தொடாதீர்கள், ஏற்கெனவே தொட்டிருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். இதை நான் வலியப் போய்ச் சொல்கிறேன். பேருந்தில் பக்கத்தில் உட்காருபவரிடம்கூடச் சொல்கிறேன். வலி இல்லாத காலைகளில் மட்டும் வேறொரு பழக்கம் வந்திருக்கிறது. வாசலில் நின்று, தெருவில் போகிறவர்களின் கைகளைப் பார்க்கிறேன். யார் கேட்டைத் திறக்கச் சிரமப்படுகிறார், யார் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றுகிறார் என்று.

போன மாதம் மகள் வந்தாள். கல்யாணமாகி, அதே வீட்டில்தான் இருக்கிறாள், இப்போதும் புளிதான். அவள் தட்டும் சத்தம் சில நாட்களாக மெதுவாகியிருந்ததை நான் கேட்டிருந்தேன். ஒவ்வொரு தட்டுக்கும் நடுவே ஒரு யோசனை வந்திருந்தது. கேட்டும், அவளாக வரட்டும் என்று இருந்துவிட்டேன்.

"காலைல வெரலு மடங்க மாட்டேங்குதுங்க சார்" என்று இரண்டு கைகளையும் நீட்டினாள். மோதிர விரல், நடு விரல்.

தாய்க்கு இருந்தால் மகளுக்கு வருவதுண்டு. வைத்தியர் அதைத்தான் சொன்னார். மறுநாளே சேலத்துக்கு ரயிலேற்றி நானே கூட்டிப்போனேன். வாரம் ஒரு மாத்திரை, மற்ற நாட்களில் அதைத் தொடக் கூடாது, பொறுமை வேண்டும் என்று அவர் சொன்னதையெல்லாம் திரும்பி வரும்போது ரயிலில் நான் இன்னொரு முறை சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா ஒன்னு சொல்லுவாங்களே, ஞாபகம் இருக்குதுங்களா? வலி எங்கியும் போவாது, ஆள்தான் மாறும்னு." சிரிக்க முயன்றாள். "எனக்கு இது யாருகிட்டருந்து வந்திருக்குமோ!"

"அப்படியெல்லாம் இல்லம்மா" என்றேன். பத்து வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம். மீதியையும் அப்போதே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

அவள் திரும்பினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த என் கைகளைப் பார்த்தாள். தாயின் பார்வை, முதலில் கணுக்கள், பிறகு மணிக்கட்டு.

"உங்களுக்கு இப்ப எப்படிங்க சார் இருக்குது?"

வருஷக்கணக்கில் இல்லாத அளவுக்கு அன்று என் விரல்கள் லேசாக இருந்தன. நான் கைகளைத் துண்டுக்குள் இழுத்து மூடிக்கொண்டேன்.

"வலிக்குதும்மா" என்றேன். "முந்தி மாதிரியேதான் வலிக்குது."

அவள் நிம்மதியாகச் சிரித்தாள்.